பைலட் ஆக வேண்டுமா? முதலில் மெடிக்கல், அப்புறம் ஃபீஸ்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் உறவினர் யாராவது போன் செய்துவிடுவார்கள்: "பையன் பைலட் ஆகணும்கிறான், நிலத்தை வித்துடலாமா?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். மெடிக்கல், அதாவது உடல்தகுதிச் சான்று, எடுத்தாச்சா?

இந்தியாவில் சம்பளத்துக்கு விமானம் ஓட்ட சிபிஎல் என்ற கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வேண்டும். அதைத் தருவது டிஜிசிஏ என்ற மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். டிகிரி தேவையில்லை. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் தேறியிருக்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. காமர்ஸ் படித்தவர்கள் அந்த இரண்டு பாடங்களை மட்டும் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதிவிட்டு வருவதுண்டு.

மெடிக்கலில் இரண்டு படி. டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சான்று வாங்கினால் பயிற்சியைத் தொடங்கலாம். ஆனால் சிபிஎல் கைக்கு வர முதல் வகுப்புச் சான்று வேண்டும். கண், காது, இதயம், ரத்தம் என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டவர்கள் ஆக முடியாது என்பது வெறும் பேச்சு. கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். சிக்கல், நிறங்களைப் பிரித்தறிய முடியாத நிறக்குறையில்தான். வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். பணம் கட்டிய பிறகு அங்கே போய்த் தடுமாறினால் வீட்டுக்கே இடி. அதனால் இரண்டு சான்றையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

பிறகு எழுத்துத் தேர்வுகள். வழிநடத்தல், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம் என்று ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும். ரேடியோவில் பேச ஆர்டிஆர் உரிமம் தனி. பறப்பது மொத்தம் 200 மணி நேரம். அதில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு விமானி. ஒரே பயணத்தில் 300 கடல் மைல், அதாவது சுமார் 555 கிலோமீட்டர் பறந்து, வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி ஏற வேண்டும். சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் உள்ள நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

லைசென்ஸ் வந்தால் வேலையும் வந்துவிடாது. ஏர்பஸ் 320 போன்ற குறிப்பிட்ட ரகத்துக்கு 'டைப் ரேட்டிங்' பயிற்சி வேண்டும், அதற்கும் லட்சங்கள். அப்புறம் கோ-பைலட்டாக வலது இருக்கை. கேப்டனாக ஏடிபிஎல் என்ற அடுத்த நிலை லைசென்ஸ் தேவை: வயது 21, பறந்த நேரம் 1,500 மணி.

செலவு அரைக் கோடியைத் தொடும். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள பட்டியலின மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் சிபிஎல் படிப்பும் உண்டு. இது பலருக்குத் தெரிவதே இல்லை.

பயிற்சிப் பள்ளிக்குப் போனால் பளபள புத்தகத்தைப் புரட்டாதீர்கள். பறக்கும் நிலையில் எத்தனை விமானம், எத்தனை மாணவர், போன பேட்ச் 200 மணி நேரத்தை முடிக்க எத்தனை மாதம் ஆனது என்று கேளுங்கள். பணத்தைத் தவணையாகக் கட்டலாமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.