வாயுவை எடுத்தால் மணற்கல் என்ன செய்யும்?

எரிவாயு வயல் என்றதும் பலர் நினைப்பது, பூமிக்கடியில் ஒரு பெரிய குகை, அதற்குள் அடைபட்ட வாயு. பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் ஒரு மணற்கல் துண்டைக் கொடுத்து, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடச் சொல்வேன். சொட்டு வழிந்து விழாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல் அதைக் குடித்துவிடும். வாயு இருப்பதும் அங்கேதான், மணலுக்கும் மணலுக்கும் நடுவே உள்ள சந்துகளில்.

நெதர்லாந்தின் குரோனிங்கன் வயலை எடுத்துக்கொள்ளுங்கள். 1959-இல் ஸ்லோக்டரன் என்ற ஊர்ப்பக்கம் அகப்பட்டது. சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அந்த மணற்கல், ஏறத்தாழ 26 கோடி ஆண்டுகளுக்கு முன் பாலைவனக் காற்றும் ஓடைகளும் கொண்டுவந்து கொட்டிய மணல். அதற்கும் கீழே உள்ள நிலக்கரியில் உருவான வாயு மேலேறி இந்த மணற்கல்லில் தங்கியது. மேலே உப்புப் படுகை மூடிபோல நின்றது. நல்ல மூடி அது. விரிசல் விட்டால் மெல்ல இளகித் தானே அடைத்துக்கொள்ளும்.

கல்லின் கன அளவில் 15 முதல் 20 சதவீதம் வெற்றிடம். இது மட்டும் போதாது, சந்துகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்க வேண்டும். களிமண் புகுந்து வழியை அடைத்துவிட்டால், உள்ளே எவ்வளவு வாயு இருந்தாலும் கிணற்றுக்கு வந்து சேராது. குரோனிங்கனில் வழி தாராளமாக இருந்தது.

சரி, இப்போது நம்மில் பலர் கவனிக்காமல் விடுகிற கணக்கு. அந்த ஆழத்தில் மேலே உள்ள பாறைகளின் சுமை ஏறத்தாழ 650 பார் (‘பார்’ என்பது அழுத்தத்தின் அலகு; ஒரு பார் ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). தொடக்கத்தில் வாயுவின் அழுத்தம் சுமார் 350 பார். அதாவது பாதிச் சுமைக்கு மேல் தாங்கி நின்றது வாயுதான், மிச்சம்தான் மணல்மணிகளின் தலையில். வாயுவை எடுக்க எடுக்க, அது விட்டுப்போன சுமையையும் மணல்மணிகளே தாங்கியாக வேண்டும். மணிகள் நெருங்கும், அடுக்கு சற்றே குறுகும், மேலே தரை இறங்கும். சில இடங்களில் 30 சென்டிமீட்டருக்கும் மேல் இறங்கியது.

தரை எல்லா இடத்திலும் ஒரே அளவில் இறங்கினால்கூடப் பெரிய தொல்லை இல்லை. ஆனால் அங்கே அடுக்கைப் பழைய பிளவுகள் குறுக்கே வெட்டுகின்றன. பிளவின் ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் அமுங்கும்போது, பிளவு வழுக்கிவிடும். 2012 ஆகஸ்டில் ஹைசிங்கே என்ற இடத்தில் 3.6 அளவில் நிலம் அதிர்ந்தது இப்படித்தான். எண் சிறியதுதான். ஆனால் அதிர்வின் மையம் வெறும் 3 கிலோமீட்டர் ஆழம், மேலே இளகிய மண், அதன்மேல் செங்கல் வீடுகள். சுவர்கள் விரிசல் விட்டன.

2023 அக்டோபரில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. வயலுக்குள் அழுத்தம் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் இருப்பதால், மெல்ல மெல்லத்தான் சமனாகும். அதுவரை அதிர்வுமானிகளைக் கழற்ற முடியாது.