ஆடிட்: தணிக்கையா, சீராய்வா?

எங்கள் குமரி மாவட்டத்தில், தக்கலைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த என் சித்தி சில நாள் போனில் சொல்வார்: "நாளைக்கு ஆடிட்டு. இன்னைக்கு வர நேரமாவும், கேட்டியா மக்ளே." அன்று ராத்திரி வரை அங்கே ரிஜிஸ்டரில் விட்டுப்போன கட்டங்களை நிரப்புவார்கள். ஆடிட் என்றால் யாரோ குற்றம் கண்டுபிடிக்க வருகிறார்கள் என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

சொல்லின் வேரில் அந்தப் பயம் இல்லை. லத்தீனில் 'ஆடிரே' என்றால் கேட்பது. அந்தக் காலத்தில் ஒருவர் கணக்கை உரக்க வாசிக்க, பொறுப்பானவர் உட்கார்ந்து கேட்டுச் சரிபார்ப்பார். ஆடியோவும் ஆடிட்டோரியமும் அதே வேரில் முளைத்தவைதான். 'கேட்டியா' இல்லாமல் ஒரு வாக்கியத்தை முடிக்காத நம் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

தமிழில் தணிக்கை என்கிறோம். 'தணி' என்ற வினையிலிருந்து வந்ததுபோல் தோன்றும். ஆனால் அது அரபுச் சொல்லான 'தன்கீஹ்', உருது வழியாக நம்மிடம் வந்தது. தெலுங்கில் தனிகீ, கன்னடத்தில் தனிகெ. பணக்கணக்குக்கு அது போதும். சினிமாவுக்குப் போனதும் கத்தரியும் கூடவே வந்துவிட்டது. நோயாளிக்குக் கிடைக்கும் கவனிப்பை அளக்க அந்தச் சொல் எனக்குப் பொருந்தவில்லை.

ஆஸ்பத்திரி ஆடிட் நடக்கும் விதத்தைப் பாருங்கள். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி போட வேண்டும். ரத்தப்போக்கைத் தடுக்க அது முக்கியம். முதலில் இப்படி ஓர் அளவுகோலை வைத்துக்கொள்கிறார்கள். பிறகு 30 கேஸ் ஷீட்டை, அதாவது நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளை, எடுத்து, எத்தனையில் நேரத்துக்கு ஊசி போட்டதாக எழுதியிருக்கிறது என்று எண்ணுகிறார்கள். குறைந்தால், ஏன் என்று தேடுகிறார்கள். அந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. ஃபிரிட்ஜ் வராந்தாவின் மறுகோடியில் இருந்தால் ஒரு நிமிடம் நடையிலேயே போய்விடும். சரி, பிரசவம் நெருங்கும்போதே ஊசியை எடுத்து டிரேயில் வைத்துவிடுவோம் என்று முடிவு செய்கிறார்கள். அப்புறம் அடுத்த மாதம் திரும்ப எண்ணுகிறார்கள். இந்த இரண்டாவது எண்ணிக்கைதான் உயிர்நாடி. அதை விட்டுவிட்டால் நடந்தது வெறும் கணக்கெடுப்பு.

இதற்குச் சீராய்வு என்பதே சரியான தமிழ்: சீர், ஆய்வு. ஆராய்வதும் சீர்செய்வதும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. கோர்ட்டில் 'சீராய்வு மனு' இருக்கிறதே என்பீர்கள். அங்கும் மறுபடி பார்த்துத் திருத்துவதுதானே வேலை? 'மருத்துவச் சீராய்வு' என்று எழுதினால் குழப்பம் வராது.

தமிழ்நாடு 1990களிலேயே தொடங்கிய தாய்மரண ஆய்வில், பழைய லத்தீன் பொருள் அப்படியே உயிரோடு இருக்கிறது. பிரசவத்தில் ஒரு பெண் இறந்தால் வீட்டுக்குப் போய் விசாரிக்கிறார்கள். கலெக்டர் நடத்தும் கூட்டத்துக்கு உறவினரையும் அழைக்கிறார்கள். தாமதம் எங்கே என்று மூன்று இடங்களில் தேடுகிறார்கள்: கிளம்ப முடிவெடுத்ததிலா, வழியிலா, ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகா? கோதையாறு மலையிலிருந்து ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் வண்டிக்காகக் காத்து நின்ற நேரம் எந்தக் கேஸ் ஷீட்டிலும் இருக்காது. அதை, அவளோடு நின்ற அம்மாதான் சொல்ல வேண்டும். எதிரே இருப்பவர் கடைசிவரை கேட்க வேண்டும்.