03/04/2025 என்றால் எந்தத் தேதி?

03/04/2025 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். உலகின் பெரும்பகுதியில் நாள்தான் முதலில். கம்ப்யூட்டருக்கோ அது வெறும் பத்துக் குறிகள் கொண்ட ஒரு ஸ்ட்ரிங், அதாவது எழுத்துச் சரம். எது நாள், எது மாதம் என்று நாம் சொல்லாதவரை அது தேதியே இல்லை.

உள்ளே தேதி பெரும்பாலும் ஓர் எண்ணாகவே இருக்கிறது. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழக்கப்படி, 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து (யுடிசி என்ற உலகப் பொது நேரப்படி) கடந்த விநாடிகளின் எண்ணிக்கை அது. அந்தக் கணக்கில் நூறு கோடி என்றால் 2001 செப்டம்பர் 9, அதிகாலை 1:46:40. எண்ணாக இருப்பதால் எது முந்தியது, இடையில் எவ்வளவு காலம் என்பதெல்லாம் வெறும் கழித்தல் கணக்கு. ஸ்ட்ரிங்காக வைத்து வரிசைப்படுத்திப் பாருங்கள்: 25/12/1999-க்கு முன்னால் 03/04/2025 வந்து நிற்கும். முதல் எழுத்து 0, 2-ஐ விடச் சிறியது, அவ்வளவுதான்.

எண்ணை எழுத்தாக்க ஒரு பாட்டர்ன் கொடுக்கிறோம்: எந்த இடத்தில் நாள், மாதம், வருடம் வர வேண்டும் என்று எழுத்துக்களால் குறிக்கும் அச்சு. ஜாவா என்ற நிரல் மொழியில் பெரிய எம் (M) மாதம், சின்ன எம் (m) நிமிடம். பைத்தான் என்ற மொழியில் அப்படியே தலைகீழ். இரண்டு மொழியிலும் வேலை செய்பவர்களைப் பழிவாங்கவே இப்படி வைத்தார்களோ என்று தோன்றும்.

அதைவிட மோசமானது ஜாவாவின் ஒய். சின்ன ஒய் நாம் அறிந்த சாதாரண வருடம். பெரிய ஒய் 'வாரக் கணக்கு வருடம்'. அதாவது, அந்த நாள் அடங்கிய வாரம் எந்த வருடத்துக்குச் சேருகிறதோ அந்த வருடம். 2024 டிசம்பர் 30 ஒரு திங்கட்கிழமை. அந்த வாரம் 2025-இன் முதல் வாரமாகக் கணக்காகிறது. எனவே பெரிய ஒய் போட்டால் அன்றைய தேதி 2025 டிசம்பர் 30 என்று அச்சாகும், ஒரு முழு வருடம் தள்ளி! வருடத்தின் முதல், கடைசி சில நாட்களைத் தவிர மற்ற நாட்களில் இரண்டு ஒய்யும் ஒரே விடையைத் தருவதால், ஜூன் மாதத்தில் எத்தனை முறை டெஸ்ட் செய்தாலும் இது சிக்காது.

சரி, எழுத்திலிருந்து எண்ணுக்குத் திரும்புவது? அதற்குப் பெயர் பார்ஸ் செய்வது. இங்கே காணாமல் போனதை ஊகிக்க வேண்டியிருக்கும். வருடத்தை இரண்டே இலக்கத்தில் கொடுத்தால் பைத்தான் 69 முதல் 99 வரை 1900-களில் சேர்க்கும், 00 முதல் 68 வரை 2000-களில் சேர்க்கும். 65-இல் பிறந்தவர் இனிமேல்தான் பிறக்கப்போகிறார். பிப்ரவரி 30 என்று கொடுத்தால் பைத்தான் பிழை என்று நின்றுவிடும். ஜாவாவின் பழைய தேதிக் கருவியான சிம்பிள்டேட்ஃபார்மட் சத்தமில்லாமல் மார்ச் 2 ஆக்கிவிடும் (லீப் வருடமென்றால் மார்ச் 1). எனக்குப் பிழை காட்டி நிற்பதுதான் பிடிக்கும்.

இந்தக் குழப்பத்துக்காகவே 1988-இல் ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரம் வந்தது. வருடம், மாதம், நாள் என்று பெரிதிலிருந்து சிறிதுக்கு: 2025-04-03. இதை ஸ்ட்ரிங்காகவே வரிசைப்படுத்தினாலும் கால வரிசை தப்பாது.

ஆனாலும் டைம்ஜோன் விடாது. பிரவுசர்களில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 2025-04-03 என்று தேதியை மட்டும் கொடுத்தால் அதை யுடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். நியூயார்க்கில் இருக்கும் பிரவுசர் அதை உள்ளூர் நேரத்தில் காட்டும்போது ஏப்ரல் 2, இரவு 8 மணி. கூடவே நேரத்தையும் எழுதி டைம்ஜோனை விட்டுவிட்டாலோ, அதே ஜாவாஸ்கிரிப்ட் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கும். பிறந்தநாள் போன்றவற்றுக்கு நேரமும் கிடையாது, டைம்ஜோனும் கிடையாது. அவற்றை விநாடிக் கணக்காக மாற்றாமல், வருடம், மாதம், நாள் மட்டும் கொண்ட வகையில் வைப்பதே சரி. ஜாவாவின் 8-ஆம் பதிப்பில் வந்த லோக்கல்டேட் என்ற வகை அதற்காகவே இருக்கிறது.