பெட்டி புதுசு, ரப்பர் பழசு

பழைய வண்டிகளுக்கு, அதிலும் வேகத்துக்காக மாற்றிக் கட்டிய ஹாட் ராட் கார்களுக்கு, பிரேக் வேலை செய்து கொடுப்பதில்தான் என் நாளில் பாதி போகிறது. வண்டியைக் கொண்டு வருபவர்கள் இன்ஜினைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். பிரேக் சாமானெல்லாம் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால், "எல்லாம் புதுசுதான்" என்று முடித்துவிடுவார்கள்.

அப்படி ஒருவர் நாலு வீல் சிலிண்டர் (சக்கரத்துக்குள் இருந்து பிரேக் ஷூவை டிரம்மோடு தள்ளும் உருளை) கொண்டு வந்தார். பல வருஷங்களுக்கு முன் தயாராகி, விற்காமலே கிடந்த சரக்கு. அட்டைப்பெட்டியின் அச்சு கூட மங்கவில்லை. கணிசமாகச் செலவழித்திருந்தார். ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த ரப்பர் கப்பின் ஓரத்தை விரலால் மடக்கினேன். மடங்கியது, ஆனால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் ஓரம் முழுக்க மயிரிழை விரிசல். சிலிண்டர் சுவரில் துரு அரித்த குழிகள் வேறு. வண்டியில் ஓடினால்தான் ரப்பருக்கு வயசாகும் என்பதில்லை, பெட்டிக்குள் கிடந்தாலும் ஆகும்.

அதற்காகப் பழைய சரக்கே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அந்தக் கால வார்ப்பு பல நேரம் நன்றாகவே இருக்கும். துரு மேலோட்டமாக இருந்தால் ஹோன் போட்டால், அதாவது உட்சுவரைத் தேய்த்தால், போய்விடும். குழி ஆழமாக இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ பித்தளையிலோ ஸ்லீவ், அதாவது உட்குழாய், அடிக்கலாம். ரப்பரும் ஹோஸும் (வளையும் பிரேக் குழாய்) மட்டும் அண்மையில் தயாரானவையாக இருக்கவேண்டும். ஹோஸின் மேலேயே டாட் (DOT, அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) என்ற எழுத்துகளும், தயாரித்தவர் அடையாளமும், தேதியும் அச்சாகியிருக்கும். எதுவுமே இல்லாத ஹோஸை நான் பூட்டுவதில்லை.

ஃபோர்டு 1939-இல்தான் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு வந்தது. அதற்கு முந்தைய ஃபோர்டுகளில் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்தது இரும்புத் தண்டுகளோ கேபிள்களோதான். ஹாட் ராட் கட்டுபவர்கள் 1939 முதல் 1948 வரையிலான பிரேக்கைத் தேடி எடுத்து, முந்தைய வண்டிகளின் சக்கர அச்சுகளில் பூட்டினார்கள். இன்றைக்கும் அதற்குத்தான் கிராக்கி, அதனால் மறுதயாரிப்புகளும் ஏராளம். அந்தப் பிரேக்கில் ஒரு ஷூ மற்றொன்றைத் தள்ளி இறுக்கும் அமைப்பு கிடையாது, காலைக் கொஞ்சம் பலமாகத்தான் வைக்கவேண்டும். அது குறையல்ல, அதன் சுபாவமே அப்படி.

அதிகம் கவனிக்கவேண்டியது, பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர். பழையது ஒற்றை அறை கொண்டது. எங்கே ஒரு கசிவு வந்தாலும் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். அமெரிக்கக் கார்களில் 1967 மாடல் முதல் இரட்டை அறை வந்துவிட்டது, அதனால் பலர் அதையே வாங்கிப் பூட்டுகிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் வாங்கும்போது பிஸ்டனின் பின்பக்கத் துளையில் ஒரு பென்சிலை விட்டுப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் உள்ளே போனால் அது பூஸ்டர் (கால் பலத்தைக் கூட்டித் தரும் கருவி) இல்லாத வண்டிக்கானது. கால் அங்குலத்திலேயே முட்டி நின்றால் பூஸ்டர் வைத்த வண்டிக்கானது. பூஸ்டர் இல்லாத வண்டியில் அதைப் பூட்டினால், ஓடும்போது பெடலிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராட் நழுவி விழ வாய்ப்பிருக்கிறது. அப்புறம் பெடலை எத்தனை தடவை மிதித்தாலும் வண்டி நிற்காது.

மாஸ்டர் சிலிண்டரின் விட்டமும் முக்கியம். பெரிசாக இருந்தால் பலம் கூடும் என்று நினைத்து 1⅛ அங்குலம் வாங்குகிறார்கள். நடப்பது நேர்மாறு. பாதம் தரும் 100 பவுண்டு, பலத்தை ஆறு மடங்காக்கும் 6-க்கு 1 பெடலில் 600 பவுண்டாகிறது. 1⅛ அங்குலத்தில் அது சுமார் 600 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்), 1 அங்குலத்தில் சுமார் 760, ⅞ அங்குலத்தில் சுமார் 1,000. சிறியதில் பெடல் கூடுதலாக இறங்கும், அவ்வளவுதான். மாஸ்டர் சிலிண்டர் வண்டியின் தரைத்தகட்டுக்கு அடியில், சக்கர சிலிண்டர்களை விடத் தாழ்வாக இருந்தால், குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைக்கும் ரெசிடுவல் வால்வும் வேண்டும்: டிரம்முக்கு 10 பிஎஸ்ஐ, டிஸ்க்குக்கு 2. மாற்றி வைத்தால் டிஸ்க் உரசிக்கொண்டே ஓடும்.

பைப்புக்கு ஸ்டீல் அல்லது செம்பு-நிக்கல் கலவை. வெறும் செம்புக் குழாய் வேண்டாம், அழுத்திப் பிடிக்கும் ஃபெரூல் இணைப்பும் வேண்டாம். குழாய் முனையை விரிக்கும் ஃபிளேரில் 45 டிகிரியும் 37 டிகிரியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், இரண்டையும் சேர்த்து முறுக்கினால் ஒழுகும். பிரேக் ஆயிலில் டாட் 5 சிலிகான், டாட் 5.1 கிளைக்கால். பெயர் ஒட்டியிருக்கிறதே என்று கலந்துவிடாதீர்கள். கழற்றிய சாமானை பெட்ரோலில் கழுவும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், மிச்சம் ஒட்டிக்கொண்டால் ரப்பர் ஊதிவிடும். பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காற்றடித்துத் தூசி தட்டவேண்டாம்.

எல்லாம் பூட்டி, குழாயில் இருக்கும் ஏரை வெளியே எடுத்த பிறகு, ஒருவரை பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் தாளால் துடைத்துப் பார்ப்பேன். அப்புறம் மெதுவாக ஒரு சுற்று ஓட்டி வந்து, டிரம்களுக்கு அருகில் கையை வைத்துப் பார்ப்பேன். நாலும் கொதித்தால் புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி விடவில்லை என்று சந்தேகப்படுவேன். ஒன்று மட்டும் கொதித்தால் முதலில் அந்தச் சக்கரத்தின் ஷூ அட்ஜஸ்ட்மென்ட், அடுத்து ஹோஸ். வெளியே பளபளப்பாக இருக்கும் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருப்பதை நான் வெட்டிப் பார்த்தே கண்டிருக்கிறேன்.