குடும்பிமலையின் கோறைச் சத்தம்

வாழைச்சேனையிலிருந்து உயர்தரம் படிக்கும் ஒரு மாணவர் கேட்டிருந்தார்: "போன விடுமுறையில் குடும்பிமலை ஏறினோம் சேர். பாதி வழியில் ஓரிடத்தில் பாறைமேல் காலை ஊன்றினால் 'டும் டும்' என்று கோறைச் சத்தம் கேட்கிறது. நாலடி தள்ளிப்போனால் சத்தமே இல்லை. எங்களோடு வந்த மாமா, உள்ளே குகை இருக்கு, ராசா காலத்துப் புதையல் இருக்கு என்றார். கருங்கல்லுக்குள் வெற்றிடம் இருக்க முடியுமா?"

முடியும், இருக்கிறது. ஆனால் அந்த வெற்றிடத்துக்குள் ஒரு சல்லிக்காசைச் செருகலாமே தவிர, மாமா நினைக்கிற மாதிரிக் குடத்தை இறக்க இடம் கிடையாது.

குடும்பிமலைக்குப் போகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மட்டக்களப்பு மாவட்டத்தின் கிரானில் இருந்து புலிபாய்ந்தகல் வழியாக மேற்கே போனால், வயலும் மேய்ச்சல்தரையும் கடந்து, கொண்டை முடிந்த தலை மாதிரி ஒரு பாறை எழுந்து நிற்கும். பெயருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. வெள்ளைக்காரர் அதே பாறையைப் பார்த்து 'பேரன்ஸ் கேப்' என்று தொப்பியாக்கிவிட்டார்கள். உயரம் 500 மீற்றரைக் கொஞ்சம் தாண்டும். மலையகத்துக்காரருக்கு இது மேடு. சமநிலத்திலேயே வளர்ந்த எங்களுக்கு இது இமயம். அடிவாரத்துக் காட்டில் பாலையும் வீரையும் நிழல் தரும். அப்புறம் வெறும் பாறை. விடியற்காலையில் ஏறத் தொடங்குங்கள். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீராவது வேண்டும். யானைத் தடம் புதிதாகத் தெரிந்தால் வீரம் காட்டாமல் திரும்பிவிடுங்கள்.

பாறையின் பூர்வீகத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நம் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்கள் இரண்டும் விஜயன் தொகுதி என்ற பாறைப் பிரிவின்மேல் இருக்கின்றன. கிட்டத்தட்ட 100 கோடி ஆண்டுப் பழைய கல், பல கிலோமீற்றர் ஆழத்தில் வெந்து மடிந்து உருமாறி நைஸ் பாறையானது. மேலே மூடியிருந்த நிலத்தை மழையும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துக்கொண்டு போயின. வெடிப்புகள் அதிகமான இடங்களில் தண்ணீர் இறங்கிக் கல் மண்ணாகிவிட்டது. வெடிப்புக் குறைந்த இடங்கள் மட்டும் தப்பி நின்றன. குடும்பிமலை, தாந்தாமலை, அம்பாறைப் பக்கம் உகந்தைமலை எல்லாம் இப்படி மிஞ்சியவைதான். உகந்தையில் வள்ளியம்மன் கோவிலுக்கு ஏறும்போது பார்க்கிற சுனைகளும் இந்தக் கதையின் கிளைதான். அதற்குள் போனால் திரும்பி வரமாட்டேன், இன்னொரு நாள் பார்ப்போம்.

சரி, சத்தத்துக்கு வருவோம்.

பெரிய கருங்கல் குன்றுகள் வெங்காயம் மாதிரித் தோல் உரிக்கும். மேற்பரப்பின் வளைவுக்குச் சமாந்தரமாக, உள்ளே ஒன்றன் கீழ் ஒன்றாக வெடிப்புகள் ஓடும். இடையில் இருப்பது சில சென்ரிமீற்றரில் இருந்து சில மீற்றர் வரை தடித்த பலகைகள். அமெரிக்கப் புவிச்சரிதவியலாளர் கில்பேர்ட் 1904இல் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைக் குன்றுகளைப் பற்றி எழுதியபோது இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: மேலிருந்த பாரம் நீங்கியதும் பாறை மேல்நோக்கி விரிந்து வெடிக்கிறது. பாடப்புத்தகங்களில் இன்றைக்கும் இதுதான் இருக்கிறது. கேட்க நன்றாக இருந்தாலும் எனக்கு இது போதவில்லை. பாரம் நீங்கினால் நெருக்கம் குறையும், அவ்வளவுதான். பிய்த்து எடுக்க ஓர் இழுவிசை வேண்டாமா?

அந்த இழுவிசை எங்கிருந்து வருகிறது என்பதை ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் மார்ட்டெல் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கை விடுங்கள், ஒரு கொப்பியை எடுங்கள். இரண்டு ஓரங்களையும் இரண்டு கைகளால் இறுக்கிப் பிடித்து, நடுப்பகுதி கொஞ்சம் மேலே எழும்புகிற மாதிரி வளையுங்கள். இப்போது இரண்டு கைகளையும் மெல்ல நெருக்குங்கள். நடுவில் தாள்கள் ஒன்றையொன்று விட்டு விலகி, இடையில் காற்றுப் புகும். நீங்கள் தள்ளியது பக்கவாட்டில், தாள் பிரிந்ததோ மேல்நோக்கி. பூமியின் மேலோட்டில் கிடையான நெருக்குதல் எப்போதும் இருக்கிறது, கண்டத்தட்டுகளின் தள்ளுமுள்ளு. தட்டையான நிலத்தில் அது பேசாமல் கிடக்கும். குன்றின் முதுகு மாதிரி வளைந்த இடத்தில் அதே நெருக்குதல் மேல்நோக்கி இழுக்கும் விசையாக மாறிவிடுகிறது. வளைவு கூடக்கூட இழுவையும் கூடும். குடும்பி அழகாக உருண்டிருக்கிறது. உருண்டிருப்பதாலேயே உரிகிறது, உரிவதாலேயே மேலும் உருள்கிறது.

இப்படிப் பிரிந்த பலகையின் ஓரங்கள் தாய்ப்பாறையோடு ஒட்டியிருக்க, நடுவில் மயிரிழை அளவு இடைவெளி விழும். காலை ஊன்றினால் அந்த நடுப்பகுதி கூத்து மத்தளத்தின் தோல் மாதிரி அதிரும். ஒட்டியிருக்கும் இடத்தில் அதிர முடியாது, ஆகவே 'டக்' என்று செத்த சத்தம். சந்தையில் பானை வாங்கும்போது அம்மா விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாரே, சோதனை ஒன்றுதான், விடை மட்டும் தலைகீழ்: பானையில் விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகும், பாறையில் விரிசல் இருந்தால் சத்தம் உயிர் பெறும்.

எனக்கு மிகப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. வெயில் ஏற ஏற அந்தப் பலகை என்ன செய்கிறது?

விடியலில் பாறையைத் தொட்டால் குளிரும். மதியம் வெறுங்காலோடு அதன்மேல் நிற்க முடியாது. வித்தியாசம் 30 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருங்கல் ஒரு மீற்றருக்கு, ஒரு பாகைக்கு, மில்லிமீற்றரில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு அளவில் நீளும். பத்து மீற்றர்ப் பலகைக்கு 10 × 30 × 0.008, அதாவது 2.4 மில்லிமீற்றர். ஒரு தீக்குச்சியின் தடிப்புக்குக் கிட்ட. இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும்.

ஆனால் இரண்டு ஓரமும் பிடிபட்டிருக்கும் பலகைக்குப் பக்கவாட்டில் நீள வழியில்லை. நடுவில் மடிந்து கூரை மாதிரி எழும்புவதாக நினையுங்கள். அரைவாசி அகலம் 5 மீற்றர், அதுவே அடி. சாய்ந்த பக்கம் 5 மீற்றரும் 1.2 மில்லிமீற்றரும், அதாவது 5.0012 மீற்றர். பைதகரசை அழையுங்கள். 5.0012இன் வர்க்கத்தில் இருந்து 5இன் வர்க்கத்தைக் கழித்தால் 0.012, அதன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 0.11. பதினொரு சென்ரிமீற்றர்! தீக்குச்சித் தடிப்பு நீண்டதற்குப் பாறை ஒரு கையகல உயரம் எழும்பப் பார்க்கிறது. இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டபோது பிழை விட்டுவிட்டேன் என்று மூன்று தரம் அழித்து எழுதினேன்.

உண்மையான பாறை இவ்வளவு எழும்பாது. வெயில் மேல்தோலைச் சுடுகிற அளவுக்கு உள்ளே சுடுவதில்லை, ஓரங்களும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். எவ்வளவு எழும்புகிறது என்பதை ஆய்வாளர்கள் பிரையன் கொலின்சும் கிரெக் ஸ்டொக்கும் கலிபோர்னியாவின் யொசெமிட்டிப் பூங்காவில் அளந்து 2016இல் வெளியிட்டார்கள். 19 மீற்றர் உயரம், 4 மீற்றர் அகலம், 10 சென்ரிமீற்றர் மட்டுமே தடித்த ஒரு பலகை. மூன்றரை ஆண்டு காத்திருந்து அளந்தார்கள். அது நாளுக்கு ஒரு சென்ரிமீற்றர் வரை வெளியே வந்து உள்ளே போனது. மூச்சு விடுகிற மாதிரி. ஒவ்வொரு மூச்சிலும் வெடிப்பின் நுனி ஒரு துளி முன்னேறும். பல ஆண்டுகள் கழித்து, மழையோ நிலநடுக்கமோ இல்லாத ஒரு வெயில் மதியம் பலகை கழன்று விழும். 2014 ஓகஸ்டில் கலிபோர்னியாவின் ட்வெய்ன் ஹார்ட் என்ற இடத்தில், ஏரிக்கரையில் இருந்த ஒரு பாறைக் குன்று ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடித்து எழும்பியது, படமும் பிடித்தார்கள்.

தென்னிந்தியக் கல்லுடைப்பவர்களுக்கு இது புதிதாக இருந்திராது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெங்களூர்ப் பக்கத்தில் கருங்கல் எடுத்தவர்கள் வெடிமருந்தில்லாமல், பாறைமேல் விறகுத்தீ மூட்டி, சுத்தியலால் தட்டிக் கேட்பார்கள். சத்தம் மாறியதும் அந்த இடம் விட்டுவிட்டது என்று அர்த்தம். தீயை ஒள்ளுப்பம் முன்னே நகர்த்துவார்கள். இப்படியே மண்டபத் தளம் அளவுக்கு ஒற்றைப் பலகையை உரித்தெடுத்தார்கள். ஆகையால் மலையில் சோறு சமைக்க நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கோறைச் சத்தம் வருகிற பாறையில் அடுப்பு மூட்டாதீர்கள். மதிய வெயிலில் தொங்கும் பலகைக்குக் கீழே நிழலுக்கு ஒதுங்காதீர்கள்.

புதையல் விசயத்தில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. 'கோறைச் சத்தம்' என்ற ஒரே ஆதாரத்தை வைத்துக்கொண்டு இரவில் துளையிட்டு, வெடிவைத்து, சேவலும் பலி கொடுக்கிறார்கள். பூதத்துக்குப் பயந்து பூசை போடுகிறவர்கள் தலைக்கு மேல் தொங்கும் கல்லுக்குப் பயப்படுவதில்லை. அம்பாறையின் இராஜகல மாதிரி இடங்களில் உள்ள கற்குகைகளின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாமல் பழைய பிக்குகள் வெட்டிய வரி இன்னும் இருக்கிறது. அதன் கீழே பிராமி எழுத்து. உண்மையான புதையல் அதுதான், உளி பட்டால் போச்சு.

இன்னொரு மனக்குறையும் உண்டு. யொசெமிட்டியில் அளந்த அதே வேலையை இங்கே செய்யப் பெரிய காசு வேண்டாம். உயர்தரத்தில் பௌதிகவியல் எடுக்கும் நம் பிள்ளைகள் எல்லோரும் சிறு நீளங்களை நுணுக்கமாக அளக்கும் வேணியர் இடுக்கிமானி படிக்கிறார்கள். பரீட்சைக்குப் பிறகு அதைத் தொட்டவர் எத்தனை பேர்? ஆராய்ச்சிக்குப் பணம் என்றதும் கட்டடமும் குளிரூட்டியும் வாங்குகிறோம். வெயிலில் போய் உட்கார்ந்து ஓர் அளவு எடுக்கிற பிள்ளைக்கு பஸ் காசு கொடுக்க ஒரு தலைப்பு நம் வரவுசெலவுகளில் இல்லை.

நானே செய்து பார்த்தேன். தடித்த மட்டையை நீளமான ஆப்பு மாதிரி வெட்டினேன்: 20 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் சரிவு. காலை ஆறரைக்கு, கோறைச் சத்தம் தந்த பலகையின் ஓரத்தில், வெடிப்பு வாய் திறந்திருந்த இடத்தில் மெல்லச் செருகி, நின்ற இடத்தில் பென்சில் கோடு போட்டேன். வழிகாட்ட வந்தவர் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் ஓர் அண்ணன். "என்ன சேர், மலைக்கு ஊசி போடுறீங்களா?" என்று சிரித்தார்.

மதியம் ஒன்றரைக்கு அதே மட்டை ஒரு விரல் அகலம் கூடுதலாக உள்ளே போனது. ஏறக்குறைய 15 மில்லிமீற்றர். இருபதால் பிரித்தால் வெடிப்பு முக்கால் மில்லிமீற்றர் வாய் திறந்திருக்கிறது. அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து கோட்டைப் பார்த்தார். குதிக்காலால் பாறையை இரண்டு தரம் தட்டினார்.

"மறுகா ஏன் சேர் இன்னும் விழாம நிக்குது?"

ஓரம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கு அண்ணன் என்றேன். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டார். அதைச் சொல்லத்தான் தினமும் அளக்க ஒரு பிள்ளை வேண்டும் என்றேன்.

இறங்கும்போது மணி ஐந்து. மூன்றாம் தரம் செருகினேன். மட்டை காலைக் கோட்டுக்குத் திரும்பவில்லை, இரண்டு நூல் தாண்டியே நின்றது. பாறை இன்னும் முழுதாக ஆறவில்லை என்பது ஒரு காரணம். ரோச் லைட்டை அடித்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: வெடிப்பின் வாய்க்குள், காலையில் இல்லாத ஒரு படிக மணல், அரிசிக்குறுணை அளவு, இரண்டு பக்கமும் கடிபட்டு இறுகிக் கிடந்தது.