‘தொடரும்’ என்ற இடத்தில் மூளைக்குள் என்ன நடக்கிறது?

வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதைகளை அம்மா பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி வைப்பார். சட்டம் விட்டுவிட்ட ஒருவனைத் தானே தேடிப்போகும் ஒரு கதாநாயகியை அப்படி ஒரு பைண்டிங்கில்தான் முதலில் படித்தேன். நள்ளிரவு. அவன் வீட்டு மரப்படியில் செருப்பைக் கையில் பிடித்தபடி ஏறுகிறாள். ஏழாவது படி கிரீச்சிடும் என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஆறாவது படியில் கால் வைக்கிறாள். தொடரும்.

அடுத்த வாரத்துப் பக்கங்கள் அந்தப் பைண்டிங்கில் விட்டுப்போயிருந்தன. கதையில் மற்றதெல்லாம் மறந்துவிட்டது. அந்த ஆறாவது படி மட்டும் இன்றும் கண்ணில் நிற்கிறது.

பாதியில் நின்றது மனதில் தங்கும் என்று 1927-இல் பெர்லினில் ஆராய்ந்து எழுதியவர் உளவியலாளர் புளூமா சைகார்னிக். முடித்த வேலைகளைவிட, பாதியில் பறிக்கப்பட்ட வேலைகளே அவருடைய சோதனையில் கலந்துகொண்டவர்களுக்கு அதிகம் நினைவிருந்தன. பிறகு வந்த சோதனைகளில் இந்த நினைவு வித்தியாசம் எப்போதும் தென்படவில்லை. ஆனால் அவரோடு அங்கே படித்த மரியா ஒவ்ஸியான்கினா 1928-இல் காட்டியது உறுதியாக நிற்கிறது: பாதியில் விட்ட வேலையை, யாரும் சொல்லாமலே, மனிதர்கள் போய் மறுபடி எடுக்கிறார்கள். புது இதழ் வரும் வெள்ளிக்கிழமை காலையில் வாசகர்களைக் கடைக்கு ஓடவைத்தது இதுதான்.

சரி, படியில் ஏறும்போதே நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, அது ஏன்? என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பதற்றம் என்று நினைக்கிறோம். என்ன நடக்கக்கூடும் என்று நன்றாகத் தெரிந்திருப்பதால்தான் பதற்றமே. மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாமல் வெடித்தால் பதினைந்து நொடி அதிர்ச்சி, தெரிந்திருந்தால் பதினைந்து நிமிடப் பதைப்பு என்று இயக்குநர் ஹிட்ச்காக் விளக்கியது இதைத்தான். கிரீச்சிடும் படியை முன்பே நமக்குக் காட்டிவிட்ட எழுத்தாளர் செய்ததும் அதே வேலை.

அந்த நேரத்தில் யாராவது சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், திகில் படக் காட்சிகளை நடுவில் ஓடவிட்டு, ஓரங்களில் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களை மினுக்கினார்கள். காட்சி இறுக இறுக, மூளையின் பார்வைப் பகுதியில் ஓரத்தைக் கவனிக்கும் இடங்களின் செயல்பாடு குறைந்தது, நடுவைக் கவனிக்கும் இடங்களில் கூடியது. இது சினிமாவில் பார்த்தது. படிக்கும்போதும் இதற்கு நெருக்கமான ஒன்று நடக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இத்தனைக்கும் மேல், பழிவாங்கும் கதாநாயகியிடம் இன்னொரு இழுப்பு இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் ஆய்வாளர்கள் பணம் வைத்து ஓர் ஆட்டம் ஆடவிட்டு, முடிவை 2004-இல் வெளியிட்டார்கள். நம்பிக் கொடுத்த பணத்தை எதிராளி சுருட்டிக்கொண்டால் அவனுக்குத் தண்டனை கொடுக்கலாம். கொடுக்கலாமா என்று யோசிக்கும் அந்த ஒரு நிமிடத்திலேயே, இன்பத்தை எதிர்பார்க்கும்போது விழிக்கும் மூளைப்பகுதி விழித்துக்கொண்டது. தண்டனை இன்னும் போய்ச் சேரவே இல்லை, அதற்குள் இனிக்கிறது! வாரக்கணக்கில் தள்ளிப்போகும் நியாயம் நம்மைச் சலிக்க வைக்காததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

அப்புறம், தண்டித்த பிறகு? கார்ல்ஸ்மித், வில்சன், கில்பர்ட் என்ற உளவியலாளர்கள் மூவரும் இதைச் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். தண்டித்தால் மனம் ஆறும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது ஆறவில்லை, துரோகம் செய்தவனையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தார்கள். தண்டிக்க வழியில்லாமல் போனவர்கள் சீக்கிரம் மறந்து நகர்ந்தார்கள். தானே தண்டிப்பதும், வேறொருவர் தண்டிப்பதைப் பார்ப்பதும் மனதில் ஒன்றுபோல இறங்குவதில்லை என்பதும் அதில் தெரிந்தது. வாசகர் இங்கே பார்ப்பவர். நமக்காகப் படியேறிப்போனவள் அவள். நான் படித்ததில் நல்ல தொடர்கள் எல்லாம் இதைச் சரியாகப் பிடித்திருக்கின்றன: பழி தீர்ந்த அன்று இரவு அவள் விளக்கை அணைக்காமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். நாம் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கிப்போவோம்.