ஒன்றரை மில்லிவினாடி

மலிவு விலைப் பொம்மைக் காரில் பொத்தானை அழுத்தினால் முன்சக்கரம் இடப்பக்கம் முழுதாகத் திரும்பி நிற்கும்; இல்லையென்றால் வலப்பக்கம் முழுதாக. நடுவில் எதுவும் கிடையாது. பந்தயத்துக்கு ஓட்டும் ரிமோட் கார் அப்படியல்ல. கையில் இருக்கும் கருவியின் சிறு ஸ்டீயரிங்கை ஒரு நூல் திருப்பினால், சக்கரமும் அதற்கேற்றாற்போல ஒரு நூல்தான் திரும்பும்.

அந்த ஒரு நூலைக் காருக்கு எப்படிச் சொல்வது? முன்பு 27 மெகாஹெர்ட்ஸ், இப்போது பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று ரேடியோ மாறியிருக்கிறது. ஆனால் காருக்குள் இருக்கும் ரிசீவர், ஸ்டீயரிங்கைத் திருப்பும் சர்வோவுக்கு அனுப்புவது பழைய முறைப்படி ஒரு மின்துடிப்புதான். அதன் நீளமே செய்தி. 1.5 மில்லிவினாடி நீடித்தால் சக்கரம் நேராக நிற்க வேண்டும். 1 மில்லிவினாடி என்றால் ஒரு பக்கக் கடைசிவரை திரும்ப வேண்டும், 2 என்றால் மறுபக்கக் கடைசிவரை. வினாடிக்குச் சுமார் 50 தடவை இதே செய்தி வந்துகொண்டே இருக்கும்.

சர்வோவைப் பிரித்தால் ஒரு குட்டி மோட்டார், நாலைந்து பற்சக்கரங்கள், பழைய ரேடியோவின் ஒலிக்குமிழுக்கு அடியில் இருப்பதுபோன்ற ஒரு மாறு மின்தடை, ஒரு சிறு மின்சுற்று. மின்தடை அச்சோடு சேர்ந்து சுழன்று, இப்போது அச்சு எங்கே நிற்கிறது என்று சொல்கிறது. எங்கே நிற்க வேண்டும் என்று துடிப்பு சொல்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கும்வரை மோட்டார் ஓடும். காரை இயக்கிவிட்டு முன்சக்கரத்தை விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். சர்வோ உர்ரென்று முனகியபடி எதிர்த்துத் தள்ளும். பலமாகத் தள்ள வேண்டாம், பற்சக்கரத்தின் பல் உடைந்துவிடும்.

வேகத்துக்கும் அதே துடிப்புதான். கேட்கும் ஆள் மட்டும் வேறு. ஒரு காலத்தில் இன்னொரு சர்வோ, மின்தடைக் கம்பியின் மேல் ஒரு தொடுமுனையை இழுத்துக்கொண்டிருந்தது. மெதுவாகப் போனால் மிச்ச மின்சாரம் வெறும் சூடாக வீணாகும். இன்றைய ஸ்பீடு கன்ட்ரோலர் மின்சாரத்தை வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை விட்டு விட்டுத் தருகிறது. கையில் இருக்கும் கருவியின் வேக விசையைப் பாதி இழுத்தால், பாதி நேரம் மட்டும் மின்சாரம் போகும். விசையை எதிர்ப்பக்கம் தள்ளினால் மோட்டாரின் முனைகள் ஒன்றோடொன்று இணைக்கப்படும். ஓடிக்கொண்டிருந்த மோட்டார் ஜெனரேட்டராக மாறித் தன்னைத்தானே பிடித்து நிறுத்தும். பல கார்களில் விசையை விட்டு இரண்டாம் முறை தள்ளினால்தான் பின்னோக்கிப் போகும். பற்சக்கரங்களைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு அது.

ஆனால் சர்வோவிடம் இருக்கும் ஒன்று சாதாரண ஸ்பீடு கன்ட்ரோலரிடம் இல்லை. சொன்ன வேகம் வந்ததா என்று அது பார்ப்பதில்லை. மேடேறும்போது விரல் அசையாமல் இருந்தாலும் கார் தளரும். அதைக் கண்டு இன்னும் கொஞ்சம் இழுப்பது ஓட்டுபவரின் கண்தான். அந்தக் கண்ணுக்கும் ஒரு சோதனை உண்டு: கார் திரும்பி உங்களை நோக்கி வரும்போது அதன் இடப்பக்கம் உங்களுக்கு வலப்பக்கம். புதிதாக ஓட்டுபவர்களின் கார் பெரும்பாலும் அங்கேதான் சுவரில் மோதுகிறது.